நட்சத்திரத்தை வைத்துக் கண்ணாடியைச் சோதித்தவர்: வைணு பாப்பு

போன தடவை இதே இடத்தில் என் தோழி சர் சி.வி. ராமனைப் பற்றி எழுதினாள். எல்லோரும் நின்று வாசித்தீர்கள். இந்தத் தடவை என் முறை. நான் எழுதப்போவது வைணு பாப்பு என்ற வானியல் விஞ்ஞானியைப் பற்றி. பெயரைச் சொன்னதும் எங்க வகுப்பே சிரித்தது. பாப்பான்னு கூப்பிடுற மாதிரி இருக்காம். நானும் முதலில் சிரித்தேன், அதை மறைக்கவில்லை. ஆனா இவர் இல்லையென்றால் எங்க பெரியம்மாவின் சங்கிலி என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் கதைக்குப் போகணும்.

எங்க பெரியம்மா மகன் (நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன்) சிவகிரியிலும் வாசுதேவநல்லூரிலும் கல்யாணம், வளைகாப்பு, சடங்கு வீடுகளுக்குப் போட்டோ எடுக்கிறவன். மண்டபத்தில் நாற்பது பேரை நிற்கவைத்துக் குரூப் போட்டோ எடுக்கணும்னா வைடு லென்ஸ் வேணும். பெரியம்மா தன் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தாள். லென்ஸ் வந்தது. முதல் கல்யாணத்திலேயே வம்பு. நடுவில் மாப்பிள்ளை பொண்ணு முகம் கண்ணாடி மாதிரி தெளிவு. வலது ஓரத்தில் நின்ற ஒரு ஆச்சி முகம் மட்டும் ஈரக் கையால் தேய்த்த மாதிரி இழுபட்டிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் பேசின பணத்தில் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தார்கள். லென்ஸ் வாங்கின கடையில் பத்து நாளைக்குள் திருப்பிக் கொடுத்தால் மாற்றித் தருவோம், ஆனா குறை லென்ஸில்தான்னு காட்டணும்னு சொல்லிட்டாங்க. ஆச்சி தலையை ஆட்டியிருப்பார்கள், அண்ணன் கை நடுங்கியிருக்கும், இப்படியும் சொல்லலாமே? அப்போ எங்க அறிவியல் சார்தான் பாப்பு பெயரைச் சொன்னார். அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையில் பாதி இதுதான், படம் மங்கலா இருந்தா குறை கண்ணாடியிலா, காற்றிலா, வானத்திலேயேவா என்று பிரித்துப் பார்க்கிறது, என்றார்.

இனி அவர் கதை.

வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். பூர்வீகம் கேரளத்துக் கண்ணூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பாவுக்கு ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் வேலை. அங்கே கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி ஒன்றும், வானத்தைப் போட்டோ பிடிக்கிற தொலைநோக்கி ஒன்றும் இருந்தன. உலகத்தில் பல வானாய்வுக்கூடங்கள் சேர்ந்து வானம் முழுவதையும் ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுப் படம் எடுத்து நட்சத்திரப் பட்டியல் தயாரித்தார்கள். அதில் ஹைதராபாத்துக்கும் ஒரு பங்கு. நம்ம வீட்டுப் பிள்ளைகள் அப்பாவோடு வயலுக்குப் போகிற மாதிரி இந்தப் பையன் அப்பாவோடு தொலைநோக்கிக்குப் போயிருக்கிறான். கல்லூரியில் படிக்கும்போதே வெளிச்சம் கூடிக் குறைகிற நட்சத்திரங்களைக் கவனித்துக் கட்டுரை வெளியிட்டார். அப்போ வயது இருபதுகூட ஆகவில்லை.

ஹைதராபாத் அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து அவரை அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. 1949-ல் போய்ச் சேர்ந்தார். அதே வருஷம் ஜூலை 2 அன்று ராத்திரி அவர் ஒரு கேமராவில் வானத்தைப் படம் எடுத்தார். அது சாதாரணக் கேமரா இல்லை, ஷ்மிட் கேமரா. அதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மீதிக் கதை புரியும்.

தொலைநோக்கியின் குழிந்த கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நேர் எதிரே இருக்கிற நட்சத்திரத்தைப் புள்ளியாகக் காட்டும். ஓரத்தில் இருக்கிறதை வால் முளைத்த மாதிரி இழுத்துவிடும், எங்க அண்ணன் லென்ஸில் ஆச்சி முகம் போனதுபோல. அதனால் ஒரே நேரத்தில் வானத்தில் சின்னத் துண்டைத்தான் தெளிவாகப் படம் பிடிக்க முடிந்தது. இதைச் சரிசெய்தவர் பெர்ன்ஹார்ட் ஷ்மிட். 1879-ல் எஸ்தோனியா நாட்டில் ஒரு தீவில் பிறந்தவர். சிறுவயதில் வெடிமருந்து வைத்துச் சோதனை செய்து வலது கையை இழந்துவிட்டார். மீதி ஒற்றைக் கையால்தான் வாழ்நாள் முழுவதும் கண்ணாடி தேய்த்தார். ரெண்டு கை இருந்தும் நான் வீட்டில் ஒரு தட்டை ஒழுங்காகத் தேய்க்க மாட்டேன் என்று அம்மா இதை வாசித்தால் சொல்வாள்.

ஷ்மிட் செய்த தந்திரம் இது. உருண்டை வடிவில் குழிந்த கண்ணாடிக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிதான். ஆனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கலாகக் காட்டும். அந்த மங்கலை எடுக்க முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடியை வைத்தார். அதன் வளைவு கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு நுணுக்கம். அதை எப்படித் தேய்த்தார் தெரியுமா? டம்ளர் வாயில் பாலித்தீனை இறுக்கிக் கட்டி உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சினால் பாலித்தீன் குழியும் இல்லையா, அதேபோல ஒரு பாத்திரத்தின் வாயில் தட்டைக் கண்ணாடியை வைத்துக் காற்றை எடுத்தார். கண்ணாடி இம்மியளவு குழிந்தது. அப்படியே வைத்து மேல்பக்கத்தைத் தேய்த்தார். பிறகு காற்றைத் திரும்ப விட்டதும் கண்ணாடி நிமிர்ந்தது, தேவையான வளைவு தானாகவே வந்துவிட்டது. 1930-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் வானாய்வுக்கூடத்தில் முதல் ஷ்மிட் கேமரா தயாரானது. நடுவில் இருக்கிற நட்சத்திரமும் புள்ளி, ஓரத்தில் இருக்கிறதும் புள்ளி. 1935-ல் ஷ்மிட் இறந்துவிட்டார்.

இப்போ பாப்புவிடம் திரும்பலாம். அந்தக் காலத்தில் வானியல்காரர்கள் பெரும்பாலும் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி அதில்தான் வானத்தைப் படம் பிடிப்பார்கள். தகட்டைக் கழுவிக் காயவைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது பாப்புவுக்கு ஒரு இடத்தில் நட்சத்திரம் போல இல்லாத ஒரு மங்கல் தெரிந்தது. நானா இருந்தா தகட்டில் அழுக்கு என்று துடைத்திருப்பேன். அவர் அப்படி விடவில்லை. அந்தக் கேமரா நட்சத்திரங்களைப் புள்ளியாகத்தான் காட்டும். சுற்றி இருப்பதெல்லாம் புள்ளியாக இருக்கும்போது இது ஒன்று மட்டும் மங்கல் என்றால் குறை கேமராவில் இல்லை, அங்கே உண்மையிலேயே மங்கலான ஏதோ ஒன்று இருக்கிறது. பேராசிரியர் பார்ட் போக், உடன் படித்த கார்டன் நியூகிர்க், இவர் மூன்று பேரும் சேர்ந்து உறுதி செய்தார்கள். அது ஒரு புது வால்நட்சத்திரம். பாப்பு-போக்-நியூகிர்க் என்று மூன்று பெயரும் அதற்கு வந்தது. ஒருமுறை சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 60,000 வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். அதற்காக அமெரிக்காவின் பசிபிக் வானியல் சங்கம் டோனோ பதக்கம் கொடுத்தது. கண்டுபிடித்தபோது அவர் வயது 22-கூட இல்லை.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. கண்ணாடி தெளிவா இருந்தாத்தான் மங்கலை நம்ப முடியும். ஓரமெல்லாம் இழுபட்டுத் தெரியும் கேமராவாக இருந்தால் இழுபட்டது நட்சத்திரமா, வால்நட்சத்திரமா என்று யாருக்குத் தெரியும்?

இதைச் சார் சொன்ன அன்றைக்கே அண்ணனிடம் போய்ச் சொன்னேன். ஆள் அசையக்கூடாது, முகம் ஆடக்கூடாது, அப்படி ஒன்றைப் படம் எடு, நட்சத்திரம்தான் சரின்னு. அவன் நம்பவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேற்கே மலையைப் பார்த்து எடுத்தான். படம் முழுக்க மங்கல், நடுவிலும் மங்கல்! லென்ஸ் மொத்தமும் குப்பை என்று பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். சாரிடம் காட்டினோம். வெயிலில் தரை சூடாகிக் காற்று அலையடிக்கும், ரோட்டில் கானல் தெரிவது அதனால்தான், மங்கல் உன் லென்ஸில் இல்லை, உனக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற காற்றில் என்றார்.

இந்தக் காற்றுப் பிரச்சினைதான் பாப்புவை நம்ம தமிழ்நாட்டுக்குள் மலை மலையாக அலையவிட்டது.

ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியபிறகு கலிபோர்னியாவில் பாலோமர் மலையில் அப்போது உலகத்திலேயே பெரிதாக இருந்த 200 அங்குலத் தொலைநோக்கி இருந்த இடத்தில் வேலை பார்த்தார். ஓலின் வில்சன் என்பவரோடு சேர்ந்து, ஒரு நட்சத்திரத்தின் நிறமாலையில் வரும் கால்சியக் கோட்டின் அகலத்தைப் பார்த்தே அந்த நட்சத்திரம் உண்மையில் எவ்வளவு பிரகாசமானது என்று சொல்லும் வழியைக் கண்டுபிடித்தார். 1957-ல் வெளியான அதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர். அங்கேயே இருந்திருக்கலாம். 1953-லேயே இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். அப்போது உத்தரப் பிரதேசத்தில் இருந்த நைனிதாலில் வானாய்வுக்கூடம் அமைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. 1960-ல் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்துக்கு இயக்குநராக வந்தார்.

கொடைக்கானல் சூரியனைப் பார்க்க நல்ல இடம். ஆனா ராத்திரி நட்சத்திரம் பார்க்க மேகமும் பனியும் விடாது. அதனால் வேறு இடம் தேடினார். வெறுமனே மலை உயரமா இருந்தால் போதாது. வருஷத்தில் எத்தனை ராத்திரி வானம் திறந்திருக்கிறது, பக்கத்து ஊர் விளக்கு வெளிச்சம் வருகிறதா, எல்லாவற்றுக்கும் மேலே நட்சத்திரம் எவ்வளவு நடுங்குகிறது, இதையெல்லாம் பார்க்கணும். நட்சத்திரம் மினுமினுக்கிறது அழகு என்று நாம் பாட்டுப் பாடுகிறோம். வானியல்காரர்களுக்கு அது தலைவலி. உலகத்திலேயே சிறந்த கண்ணாடியைக் கொண்டுவந்து நடுங்குகிற காற்றுக்குக் கீழே வைத்தால் கண்ணாடி போட்ட காசு வீண். கடைசியில் ஜவ்வாது மலையில் காவலூர் என்ற சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்தார். இப்போ திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் 725 மீட்டர்தான், கொடைக்கானலில் பாதிகூட இல்லை. சுற்றிலும் காடு. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தெற்கு வானத்தையும் நிறையப் பார்க்கலாம்.

1968-ல் நம்ம நாட்டிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்து அங்கே வேலையை ஆரம்பித்தார்கள். 1972-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அப்போ நட்சத்திர வெளிச்சம் முன்கூட்டியே குறைந்து மறுபடி கூடியதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸுக்கும் வளையம் உண்டு என்பது அப்படித்தான் தெரிந்தது.

ஆனா பாப்புவின் மனசு வேறு ஒன்றில் இருந்தது. பெரிய தொலைநோக்கியை வெளிநாட்டில் விலைக்கு வாங்காமல் நாமே செய்யணும். கண்ணாடியின் அகலம் 2.34 மீட்டர், அதாவது ஏழரை அடிக்கும் மேலே. எங்க வீட்டு வாசக்கதவைவிடப் பெரியது. வார்த்த கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைக் குழிவாகத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை பெங்களூரில், பாப்பு இயக்குநராக இருந்த இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில் நடந்தது. இவ்வளவு பெரிய கண்ணாடியை அதற்கு முன்னால் நம்ம நாட்டில் யாரும் தேய்த்ததில்லை. ஒரு முடியின் கனத்தை ஆயிரம் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு அளவுதான் பிழை இருக்கலாம். அதற்கு மேலே போனால் நட்சத்திரம் புள்ளியாக வராது.

அவ்வளவு சின்னப் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஒரு பழைய வழி உண்டு. பிரான்சு நாட்டு ஃபூக்கோ 1858-ல் சொன்னது. ஊசித்துளை வழியாக வெளிச்சத்தைக் கண்ணாடி மேலே விட்டு, அது திரும்பி வந்து குவிகிற இடத்தில் ஒரு சவர பிளேடை மெல்ல நகர்த்தணும். கண்ணாடி சரியான உருண்டைக் குழிவாக இருந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் இருட்டாகும். எங்கேயாவது மேடு பள்ளம் இருந்தால் அந்த இடம் மட்டும் நிழலாகத் தெரியும், சாயங்கால வெயிலில் வயல் வரப்பு தெரிகிற மாதிரி. தேய்க்கணும், நிறுத்தணும், தேய்த்த சூடு ஆறும்வரை காத்திருக்கணும், சோதிக்கணும், மறுபடி தேய்க்கணும். இதில் அவசரப்பட்டு ஒரு தடவை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் அந்த ஒரு இடத்துக்காகக் கண்ணாடி முழுவதையும் திரும்பத் தேய்த்து இறக்கணும். வருஷக்கணக்காக நடந்தது.

இதற்கு நடுவில் 1979-ல் உலக வானியல் சங்கத்துக்கே தலைவரானார், இந்தியர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 1981-ல் பத்மபூஷண் கிடைத்தது. ஓவியம் வரைவார், தோட்டம் போடுவார், இலக்கியத்திலும் ஆசை உண்டு. இதெல்லாம் நிறைய எழுதலாம், தாளில் இடம் இல்லை.

1982 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டில் பத்ராஸ் நகரத்தில் உலக வானியல் சங்கத்தின் மாநாடு. தலைவர் அவர். ஆனால் போக முடியவில்லை. ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் இதய அறுவை சிகிச்சை நடந்து, ஆகஸ்ட் 19 அன்று இறந்துவிட்டார். 55 வயது முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பெரிய கண்ணாடி அப்போ காவலூருக்கே போய்ச் சேரவில்லை. அந்தக் கண்ணாடி காட்டும் நட்சத்திரம் புள்ளியா இல்லையா என்று அவர் பார்க்கவே இல்லை. எனக்கு இதை எழுதும்போது ஒரு மாதிரி இருக்கிறது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். காவலூர் வானாய்வுக்கூடத்துக்கும் அவர் பெயர்தான். அங்கே இருந்த ஷ்மிட் கேமராவில் 1988-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

அண்ணன் லென்ஸ் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள்.

எட்டாவது நாள் ராத்திரி, தை மாசம், மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டுக் கேமராவை வானத்துக்குத் திருப்பினோம். சாரும் வந்திருந்தார். முதல் படத்தில் எல்லா நட்சத்திரமும் சின்னச் சின்னக் கோடாக வந்தது. அண்ணன் முகம் செத்துப்போச்சு. சார் சிரித்தார். முப்பது விநாடி திறந்து வைத்திருந்தாய், அதற்குள் பூமி சுற்றிவிட்டது, பெரிய தொலைநோக்கிகளை நட்சத்திரம் கூடவே நகர்த்துவது இதற்காகத்தான் என்றார். பத்து விநாடியாகக் குறைத்தோம். நடுவில் எல்லாம் புள்ளி. இடது ஓரமும் கிட்டத்தட்டப் புள்ளி. வலது ஓரத்தில் மட்டும் ஒவ்வொரு நட்சத்திரமும் சிறகு விரித்த குருவி மாதிரி இருந்தது. அப்புறம் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே வானத்தை எடுத்தோம். நட்சத்திரங்கள் இடம் மாறின, குருவிகள் படத்தில் அதே மூலையிலேயே இருந்தன. காற்றும் இல்லை, பூமியும் இல்லை, ஆச்சியும் இல்லை. உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

ரெண்டு படத்தையும் கடையில் காட்டினதும் வேறு பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். புது லென்ஸையும் அன்றைக்கு ராத்திரியே சோதித்தோம். நாலு மூலையிலும் லேசான மங்கல் உண்டு, ஆனா நாலிலும் ஒரே அளவு. துளையைச் சின்னதாக்கி எடுத்தால் அதுவும் போய்விடுகிறது. குரூப் போட்டோவுக்கு அது போதும். சங்கிலி இன்னும் அடகில்தான், வைகாசி முகூர்த்தம் வரட்டும் என்கிறாள் பெரியம்மா.

அந்தப் புதுப் படத்தில் ஒரு விஷயம். வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கும் அல்லவா, அதற்குப் பக்கத்தில், ஓரத்தில் இல்லை, கிட்டத்தட்ட நடுவில், ஒரு புள்ளி மட்டும் பஞ்சு மாதிரி மங்கலாக இருந்தது. அண்ணன் ஐயோ இதுவும் போச்சா என்று தலையில் கை வைத்தான். நான் சுற்றி இருக்கிற நட்சத்திரங்களைப் பெரிசாக்கிப் பார்த்தேன். எல்லாம் புள்ளி. சாரிடம் நீட்டினேன். அது ஓரியன் நெபுலா, நட்சத்திரங்கள் பிறக்கிற வாயு மேகம், லென்ஸில் ஒன்றும் குறை இல்லை, போய்த் தூங்குங்கள் என்றார்.